எட்டுப் பக்கமும் கையெழுத்து

நெம்மேலி ஜெசிந்தாவுக்குக் கண் கூர்மை. அந்தக் கண்தான் அவளைக் கவிழ்த்தது.

செங்கல்பட்டுப் பக்கம் கார் உதிரிபாகம் செய்யும் தொழிற்சாலை ஒன்றில், வேலை பார்த்துக்கொண்டே டிப்ளமா படிக்கும் திட்டத்தில் சேர்ந்திருந்தாள். மூன்று மாதத்துக்கு ஒரு மிஷின், இரண்டு வருடத்தில் எட்டு. ஒவ்வொன்றுக்கும் பயிற்சிப் புத்தகத்தில் ஒரு பக்கம், சூப்பர்வைசர் கையெழுத்து. தேறினால் வேலை நிரந்தரம். நாற்று நட்டே இடுப்பொடிந்த அவள் அம்மா சந்திரம்மா, அந்த 'நிரந்தர'த்தைத் தெரு முழுக்கச் சொல்லி வைத்திருந்தாள்.

முதல் மிஷின் லீக் டெஸ்ட். காற்றடைத்த பாகத்தைத் தண்ணீர்த் தொட்டியில் அமுக்கி, குமிழி வருகிறதா என்று பார்க்க வேண்டும். மற்றவர்கள் கோட்டை விட்ட கடுகளவு குமிழியையும் ஜெசிந்தா பிடித்துவிடுவாள். அப்புறம் சூப்பர்வைசர் ரவிச்சந்திரன் அவளை விடுவாரா? மூன்று மாதம் முடிந்து புத்தகத்தை நீட்டினாள்.

"ஒன்ன வுட்டா இந்தத் தொட்டிக்கு யாரு கீறாங்க? நீ இங்கியே இரும்மா. கையெழுத்துதானே, நான் போட்டுத் தரேன்."

அவளுக்கு உச்சி குளிர்ந்தது. பாவம், பத்தொன்பது வயதில் யாருக்குத்தான் குளிராது? லேத், வெல்டிங் என்று பக்கம் பக்கமாகக் கையெழுத்து விழுந்தது. அவள் கை மட்டும் இரண்டு வருடமும் தண்ணீரிலேயே ஊறிக் கிடந்தது.

தேர்வு நடத்த வெளியிலிருந்து வந்தவர் அவளை லேத் முன்னால் நிறுத்தினார். எதைப் பிடித்து எதில் மாட்டுவது என்றே அவளுக்குத் தெரியவில்லை.

"மூணு மாசம் இதுல வேலை பார்த்ததா போட்டிருக்கே?"

ரவிச்சந்திரன் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். உண்மையைச் சொன்னால் அவர் வேலை போய்விடும்.

"மறந்துட்டேன் சார்" என்றாள்.

ஃபெயில். திறமையான ஆளே கிடைப்பதில்லை என்று மேடைக்கு மேடை புலம்பும் கம்பெனி, கையிலிருந்த ஒருத்தியை ஒன்றும் கற்றுக்கொடுக்காமல் வெளியே அனுப்பியது. கேட்டால் வயிறு எரிகிறது. அவளுக்கோ அழக்கூடத் தோன்றவில்லை. அம்மாவிடம் எப்படிச் சொல்வது என்றே யோசித்துக்கொண்டிருந்தாள்.

கடைசி நாளன்று தொட்டிக்குப் புதுப் பெண் வந்தாள், படூர் கோதை.

"இவளுக்குக் கொஞ்சம் காட்டிட்டுப் போம்மா" என்றார் ரவிச்சந்திரன், முகத்தைப் பார்க்காமல்.

காட்டினாள். கோதை முதல் தடவையே குமிழியைப் பிடித்துவிட்டாள்.

"கரெக்டாக்கா?"

"கரெக்ட்தான்" என்றாள் ஜெசிந்தா, ஈரக்கையைத் துடைத்தபடி. "ஆனா ரொம்ப நல்லா செய்யாதடி. செஞ்சா இங்கியே வெச்சிக்குவாங்க."