பின்தெரு வரிசை

போன செவ்வாய்க்கிழமை ஒரு பெண் என்னிடம், "எத்தன மாசம்?" என்று கேட்டாள்.

எனக்கு இன்னும் கல்யாணமே ஆகவில்லை.

கோபப்பட்டிருக்க வேண்டும்தான். ஆனால் அன்றைக்குக் கோபப்படும் யோக்கியதை எனக்கு இல்லை. ஏன் என்று கேளுங்கள்.

அடுத்த ஐந்தாண்டுத் திட்டத்துக்காக எங்கள் பக்கத்துத் தாய்சேய் நல நிலையங்களைப் பார்த்து எழுதும் வேலையில் இருக்கிறேன். எதற்குக் கூடுதல் நர்ஸ் வேண்டும், எதற்குக் கட்டில் வேண்டும், எதை மூடிவிடலாம்... இப்படி. எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடம் போன முதல் ஆள் நான். போனதோடு நிற்காமல் காலேஜும் போய், புள்ளியியல் படித்து, சென்னையில் பயிற்சியும் எடுத்தவள். 'இதை வாராவாரம் சொல்கிறாயே' என்று முணுமுணுக்கும் வாசகர்களுக்கு — ஆமாம், சொல்வேன். இந்த வாரம் மட்டும் கொஞ்சம் மெதுவாகச் சொல்கிறேன்.

பள்ளத்தூருக்கு அந்தப் பக்கம் ஓர் ஊர். பெயர் வேண்டாம். அங்கே சென்னைக்குக் குடிபோய்விட்ட ஒரு செட்டியார் குடும்பம், தங்கள் பெரிய வீட்டின் பின்பகுதியான கடைசிக் கட்டை நிலையத்துக்கு விட்டிருக்கிறது. முன்வாசலில் குடும்பக் கட்டுப்பாட்டுச் சிவப்பு முக்கோணம் போட்ட போர்டு. உள்ளே ஒரே ஒரு நர்ஸ், ஞானம்மாள்.

சிக்கல் என்னவென்றால், பிரசவத்துக்கும் கருத்தடை லூப் வைத்துக்கொள்ளவும் பெண்கள் கூட்டமாக வருகிறார்கள் என்று ஞானம்மாள் மாதாமாதம் எழுதி அனுப்புகிறார். நேரில் போய்ப் பார்த்த அதிகாரிகளோ ஒரு ஈ காக்காயைக்கூடக் காணவில்லை என்கிறார்கள்.

"போய் ஒரு நாள் முழுக்க இருந்து பாரும்மா," என்றார் எங்கள் அதிகாரி. "ஆள் வரலைன்னா நிலையத்தை மூடிடலாம். பொய்க்கணக்கு எழுதினதுக்கு நர்ஸ் மேல நடவடிக்கையும் எடுத்துடலாம்."

ஒரு நிலையத்தின் தலையெழுத்தும் ஒரு நர்ஸின் சோறும் என் பேனா முனையில்! எப்படி இருந்திருக்கும் எனக்கு? ரகசியமாகச் சொல்கிறேன்... நன்றாகவே இருந்தது.

கஞ்சி போட்ட கைத்தறிச் சேலை, தோளில் பை. படியேறிப் போனேன். வீட்டைப் பார்த்துக்கொள்ளும் ராமையா ஓடிவந்து முகப்பில் நாற்காலி போட்டார். "ஆபீசருக எல்லாம் இங்குட்டுத்தான் உக்காருவாக. உக்காருங்கம்மா. காப்பி சாப்பிடுறீகளா, டீ சாப்பிடுறீகளா?"

உட்கார்ந்தேன். சென்னைப் பயிற்சியில் சொல்லித்தந்தது அதுதானே? கவனிப்பவர் வாசலில் அமர வேண்டும். வருவோரைப் பார்க்க வேண்டும். வேலையில் குறுக்கிடக் கூடாது.

ஞானம்மாள் ஈரக் கையோடு வந்தார். "வாங்கம்மா, இருங்க, இந்தா வந்துட்டேன்," என்று சொல்லிவிட்டு உள்ளே ஓடினார். வெகுநேரம் கழித்து எட்டிப் பார்த்தார். மறுபடி ஈரக் கை. மறுபடி ஓட்டம்.

ஓஹோ... என்ன நடிப்பு! ஒரு ஆள்கூட வராத இடத்தில் இந்த அம்மாவுக்குக் கை ஈரமாவது எப்படி? நாம் பார்க்க வேண்டும் என்றே நனைத்துக்கொண்டு வருகிறார். யாரிடம் காட்டுகிறார் இந்த வித்தையை?

காலை முழுக்க அந்த வாசலை மிதித்தவை ஒரு தபால்காரரும் ஒரு ஆடும். மதியத்துக்குள் அறிக்கையை மனதில் எழுதி முடித்துவிட்டேன். 'மூடலாம்' என்ற சொல்லுக்கு அடியில் கோடுகூடப் போட்டாயிற்று.

ராமையா விடாமல் கொடுத்த காப்பி வேலையைக் காட்டியது. கொல்லைப்பக்கம் போயாக வேண்டும். உள்ளே நடந்தேன். ஒரு முற்றம், இன்னொரு முற்றம், அடுக்களை, ஞானம்மாளின் சாத்திய அறை, கிணறு... நம் ஊர்ப் பெரிய வீடுகள்தான் தெரியுமே, முன்தெருவில் நுழைந்தால் பின்தெருவில் வெளியே வரலாம். கடைசி நிலைக்கதவைத் தள்ளினேன்.

பின்தெரு முழுக்கப் பெண்கள்.

நிறைமாதக்காரிகள் சுவரோரம் உட்கார்ந்திருந்தார்கள். இடுப்பில் பிள்ளையோடு சிலர். கூடையைத் தலைமாட்டில் வைத்துப் படுத்துவிட்டவள் ஒருத்தி. வாய் பிளந்து நின்றேன்.

"இந்தா, யாரது? வரிசையில நில்லு. நாங்க என்ன வேடிக்க பாக்கவா வந்திருக்கோம்?" என்றாள் முன்னால் நின்ற ஒருத்தி. செல்லம்மா என்று பிறகு தெரிந்தது. என்னை மேலும் கீழும் பார்த்தாள். குரல் இளகியது. "எத்தன மாசம்?"

"எனக்கு... எனக்குக் கல்யாணம் ஆகலை."

வரிசையே என்னைத் திரும்பிப் பார்த்தது. செல்லம்மா நகர்ந்து, தன் பக்கத்தில் இடம் விட்டாள். என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"பரவாயில்ல ஆத்தா. பயப்படாத. நர்ஸம்மா ஒருத்தருட்டயும் மூச்சு விடமாட்டாக. நாங்களும் சொல்லமாட்டோம். என்னடி, சொல்லுவமா?"

"நாங்க ஏன் சொல்றோம்?" என்றது வரிசை.

பட்டப்படிப்பு, பயிற்சி, கஞ்சி போட்ட சேலை... எல்லாம் அந்தத் தெருப் புழுதியில். நான் ஆபீசர் என்று சொல்ல வாயெடுத்தேன். வரவில்லை. உண்மையைச் சொல்லப்போனால், அந்தக் கை அவ்வளவு ஆறுதலாக இருந்தது.

இதில் கொடுமை என்ன தெரியுமா? என் ஆத்தா இப்படிப்பட்ட வீடுகளுக்குக் கத்தரிக்காய் கொண்டுபோய்ப் போட்டுத்தான் என்னைப் படிக்க வைத்தாள். ஒருநாளும் முன்வாசல் வழியாகப் போனதில்லை. நம் பெண்கள் பெரிய வீட்டுக்கு எந்தத் தெரு வழியாக வருவார்கள் என்று இந்த ஜில்லாவில் யாருக்குத் தெரியாவிட்டாலும் எனக்குத் தெரிந்திருக்க வேண்டாமா? முன்படி ஏறிய பெருமையில் மறந்தே போனேன்.

கடைசி ஆளும் போன பிறகு ஞானம்மாள் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். "ஏன் இத்தனை நாளா யார்கிட்டயும் சொல்லலை?" என்று கேட்டேன்.

"சொன்னா என்ன செய்வீக? பின்னால வந்து நின்னு பேரென்ன, புருசன் பேரென்னன்னு கேப்பீக. இதுல பாதிப்பேரு வீட்டுக்குத் தெரியாம லூப் வச்சுக்க வந்தவுக. காய் போட வந்தோம், நெல்லு குத்த வந்தோம்னு சொல்லிட்டு வாராக. மறுநா ஒருத்தி வருவாளா?"

"அப்ப, போர்டைப் பின்தெருவுக்கு மாத்தச் சொல்லி எழுதட்டுமா?" மீண்டும் புத்திசாலித்தனம்!

"அய்யய்யோ! அது முன்னாலயே இருக்கட்டும். அது இருக்கவும்தான் ஆபீசருக அங்குட்டு இருக்காக."

"உங்க வேலையே போயிடும் போலிருந்ததே?"

"தெரியும்," என்றார். கையைத் துடைத்துக்கொண்டார். அவ்வளவுதான்.

புதன்கிழமை அதிகாரியிடம் அறிக்கையை நீட்டினேன். மூடக் கூடாது, இன்னொரு நர்ஸ் வேண்டும், பின்தெருவில் நிழலுக்கு ஒரு கொட்டகை வேண்டும், இனி பார்க்கப் போவது பெண்ணாக மட்டும் இருக்க வேண்டும்.

"முன்னால போனவங்க யாருமே இல்லைன்னாங்களேம்மா. நீ நேர்ல பார்த்தியா?"

"வரிசையிலேயே நின்னேன், சார்."

அவர் முகம் கூச்சத்தில் சிவந்தது. அதற்குமேல் ஒரு கேள்வி கேட்கவில்லை. கையெழுத்துப் போட்டு மேலே அனுப்பிவிட்டார். கொட்டகை வருமா என்பது சந்தேகம். நிலையம் இருக்கிறது. ஞானம்மாளும் இருக்கிறார்.

திட்டம் போடுகிறவர்கள் ஒரு நிலையத்தை எதைக் கொண்டு அளப்பது? கட்டில், மருந்து, தராசு... எல்லாம் சரிதான். நான் இன்னொன்றையும் பார்த்தேன். கல்யாணமாகாத ஒருத்தி பிரசவ வரிசையில் நின்றாள். நம் ஊரில் இந்த மாதிரிச் செய்தி பஸ்ஸைவிட வேகமாகப் போகும். ஒரு வாரமாகிறது. காரைக்குடிச் சந்தையில் தினமும் காய் விற்கும் என் ஆத்தாவின் காதுக்கு ஒரு சொல் வரவில்லை. அந்த வரிசையில் நின்ற ஒருத்திகூட வாய் திறக்கவில்லை.

வாய் திறந்தது நான் ஒருத்திதான். இதை யாரும் என் ஆத்தாவுக்கு வாசித்துக் காட்டிவிடாதீர்கள்!