எதிர்ப் பாயில் ஆளில்லை

தாலுகா அலுவலகத்தில் ஓய்வு பெறும்வரை வாரிசுச் சான்றிதழ்தான் என் வேலை. இறந்தவருக்கு இவர்தான் மகன் என்பதை ஊரே அறிந்திருந்தாலும், அறிக்கை, விசாரணை, சாட்சி என்று எல்லாம் வந்து சேர்ந்த பிறகுதான் அவர் மகனாவார். இப்படிப் பழகிய எனக்கு, எங்கள் சபையின் போதகர் ஞாயிறுதோறும் செய்யும் பிரசங்கம் கொஞ்சம் உறுத்தும். நாமெல்லாம் தேவனுடைய குடும்பத்தார், புத்திர சுவிகாரம் பெற்றவர்கள், பரலோகத்துக்குச் சுதந்தரவாளிகள், அதாவது வாரிசுகள் என்பார். இவ்வளவு பெரிய சொத்தை ஆட்சேபம் தெரிவிக்க அவகாசம்கூடத் தராமல் எழுதிக் கொடுத்துவிடுவார்களா?

சபைக்குள் எல்லாரும் எல்லாருக்கும் பிரதர், சிஸ்டர். கள்ளக்குறிச்சி பேருந்து நிலையத்தில் எதிரே வந்தால் மட்டும் பாதிப் பேருக்குக் கண் தெரியாது.

எங்கள் சபையில் ஒரு பெண். கல்வராயன் மலையிலிருந்து இறங்கி வந்து இங்கே துணிக்கடையில் வேலை பார்க்கிறவள். அப்பா, அம்மா இல்லை. ஞானஸ்நானம் எடுத்ததோடு அண்ணன்களும் இல்லை என்றாகிவிட்டது. மூங்கில்துறைப்பட்டு சர்க்கரை ஆலையில் வேலை செய்யும் ஒரு விசுவாசிக்கு அவளைப் பிடித்துப்போய்க் கல்யாணம் கூடியபோது, அவளே மலைக்குப் போய்க் கூப்பிட்டுப் பார்த்தாள். "உன் சாமி வூட்டுலயே பண்ணிக்கோ, போ" என்று அனுப்பிவிட்டார்கள்.

ஆலயத்தை ஒட்டிய கூடத்தில் நிச்சயதார்த்தம். மாப்பிள்ளையின் அம்மா புடவையும் பூவும் பழமும் வைத்த தட்டோடு ஒரு பாயில் உட்கார்ந்தார். எதிர்ப் பாய் காலியாக இருந்தது.

"பொண்ணு வூட்டுல தட்டு மாத்துறது யாருங்க?" என்று கேட்டார்.

போதகர் மலர்ந்த முகத்தோடு, "அம்மா, கர்த்தரே அவளுக்குத் தகப்பன்" என்றார்.

"அது சரிங்க ஐயா. அவரு வந்து தட்ட வாங்குவாருங்களா? நாளைக்கு இதுங்களுக்குள்ள ஒரு சண்டன்னா நான் யாராண்ட போயிக் கேக்குறது? கேக்க நாதியில்லாத எடத்துல பொண்ணு எடுத்தாங்கன்னு எங்க ஊருல பேசுவாங்க. ஆளில்லன்னா சொல்லிடுங்க, நான் தட்ட எடுத்துக்கினு கெளம்பறேன்."

பிரதர்கள் மின்விசிறியைப் பார்த்தார்கள். சிஸ்டர்கள் பைபிளில் எதையோ அவசரமாகத் தேடினார்கள். சபைப் பொருளாளர் கைபேசியை எடுத்துப் பார்த்து, யாரும் அழைக்கவில்லையே என்று வருந்தினார். இன்று தட்டை வாங்கினால் நாளை தலைக் கிறிஸ்துமஸ், வளைகாப்பு, பிரசவம் என்று வரிசையாக வரும் என்பது எல்லாருக்கும் தெரியும். அந்தப் பெண் ஒவ்வொரு முகமாகப் பார்த்துக்கொண்டே வந்தாள். அவள் பார்வை என்மேல் விழுந்ததும் நான் தொண்டையைச் செருமிக்கொண்டு, வயது வந்தவர்களைத் தத்து எடுப்பதில் உள்ள நடைமுறைச் சிக்கலை விளக்கத் தொடங்கினேன்.

"அதெல்லாம் ஆபீசோட போச்சு. இங்க வந்து உக்காருங்க" என்ற என் மனைவி, காலிப் பாயில் போய் அமர்ந்துவிட்டாள். நானும் உட்கார்ந்தேன்.

அவ்வளவுதான். பொருளாளர் துள்ளி எழுந்தார்.

"இன்னா பிரதர் இது? எங்கள ஒரு வார்த்த கேட்டீங்களா? அந்தப் பொண்ணு டைபாய்டுல கெடந்தப்ப கஞ்சி எங்க வூட்லேந்துதான் போச்சு!"

பாடகர் குழுவின் மூத்த சிஸ்டர் விடவில்லை. "கஞ்சி குடுத்தா அப்பாவாயிடுவீங்களா? ஞானஸ்நானத்துக்குச் சேல எடுத்துக் குடுத்தது நானு. மாமன் மரியாத எங்க வூட்டுக்காரருக்குத்தான்."

"அந்தச் சேலதான? தொட்டித் தண்ணியில முங்கும்போதே சாயம் போயிடுச்சு. சபையே பாத்துச்சு."

சற்றுமுன் ஊமையாக இருந்த கூடம் இப்போது ஒரே கூச்சல். போதகர் சமாதானம் சமாதானம் என்றது யார் காதிலும் விழவில்லை. பொருளாளர் செருப்பை மாட்டிக்கொண்டு வெளியே போய்விட்டார்.

போதகர் கூனிக்குறுகி மன்னிப்புக் கேட்டார். மாப்பிள்ளையின் அம்மா முகத்திலோ அப்படி ஒரு நிம்மதி.

"இன்னாத்துக்குங்க மன்னிப்பு? சொந்தபந்தம் இருந்தாத்தான கோச்சிக்கினு போவாங்க? எங்க பக்கத்துல ரெண்டு பேரு வரவேயில்ல. போயி அவரக் கூட்டியாங்க, தட்டு மாத்திக்கலாம்."

அந்தப் பெண் சிரித்தாள். மலையை விட்டு இறங்கிய பிறகு அவளை விட்டுக்கொடுக்க மாட்டேன் என்று ஒருவரும் சண்டை போட்டதில்லை. போதகர் சொல்லும் ஆவிக்குரிய ஆசீர்வாதங்களில் இந்த மனஸ்தாபத்தையும் சேர்த்துக்கொள்ளலாம் என்பது என் பரிந்துரை.

கோபித்துக்கொண்டு போனவரை அழைத்து வருவது பெண்ணைப் பெற்றவன் பொறுப்பு. போனேன். பொருளாளர் ஸ்கூட்டர்மேல் உட்கார்ந்திருந்தார்; கிளப்பவில்லை.

"வாங்க பிரதர்."

"நான் யாருங்க வர்றதுக்கு?"

மறுபடி அழைத்தேன். முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

"அட வாய்யா, பொண்ணு காத்துக்கினு இருக்குது" என்று கையைப் பிடித்து இழுத்தபோதுதான் இறங்கினார். முதல் அழைப்பிலேயே வந்துவிட்டால் அவர் என்ன சொந்தக்காரர்?