சமையல்காரம்மாவின் உள்ளங்கை

சாண்ட்விச் கடை வரிசையில் நிற்கும்போதே சமையல்காரம்மா மூக்கை உறிஞ்சி உறிஞ்சிப் பார்த்துக்கொண்டிருந்தார். உள்ளே ரொட்டி வாட்டும் மணம் வாசல்வரை வந்து எல்லார் வயிற்றையும் கிள்ளியது. அவருக்கு மட்டும் அது வெறும் வெதுவெதுப்பான காற்று.

"ஏதாச்சும் வருதாக்கா?" என்று கேட்டாள் வாயாடி.

"கூட்டம் வருது."

வாயாடி ஆஸ்பத்திரி கேன்டீனில் பாத்திரம் கழுவுகிறவள். அதே கேன்டீனின் பெரிய அடுப்பு சமையல்காரம்மாவுடையது. சூப் கொதித்ததும் ஒரு சொட்டு எடுத்து இடது உள்ளங்கையில் விட்டு, ஊதி, நாக்கில் வைத்துப் பார்ப்பார். கண்ணை மூடிக்கொண்டு சற்று நிற்பார். பார்ப்பவர்களுக்குச் சாமி கும்பிடுகிறார் என்றே தோன்றும். பிறகு அடுப்பிடம், "போதும், அடங்கு" என்பார், கைக்குழந்தையிடம் பேசுகிற குரலில்.

மழைக்காலத்தில் வந்த காய்ச்சல், போகும்போது வாசனையையும் ருசியையும் கூட்டிக்கொண்டு போய்விட்டது. அதிலிருந்து அந்த உள்ளங்கை வாயாடியின் பக்கம் நீள்கிறது. "பார்த்துச் சொல்லுடி." அவள் விரலால் தொட்டு ருசித்து, "உப்பு போதும்க்கா, ஆனா மிளகு தூங்குது" என்பாள். வாயாடி லீவு போட்ட நாளில்தான் நோயாளிகள் முகம் சுளித்தார்கள்.

மானேஜர் தங்கமான மனிதர். "திங்கக்கிழமையிலேருந்து அடுப்புக்கு வேற ஆள் போடறேன்மா. நீங்க காய் நறுக்குங்க, சம்பளம் அதேதான்" என்றார். சமையல்காரம்மா தலையாட்டினார். அன்று முழுக்க அவர் அடுப்போடு பேசவில்லை.

அதனால்தான் இந்த வார விடுமுறைப் பயணம். "மனசையும் கொஞ்சம் வெயில்ல காயப்போடணும்க்கா" என்று அடுத்த வீட்டுத் தையல்காரி மூன்று பேருக்கும் பஸ் டிக்கெட்டே எடுத்துவிட்டாள். ஊருக்கு வந்தால் இந்தக் கடை சாண்ட்விச் சாப்பிடாமல் போகக் கூடாது என்று பஸ்ஸில் பக்கத்து சீட்டுக்காரர் வேறு அடித்துச் சொன்னார். அவர் பேச்சைக் கேட்டதுபோலப் பாதி ஊர் வரிசையில் நின்றது.

ஒருவழியாக இடம் கிடைத்தது. முட்டை, வெள்ளரி, அரைத்த கடுகு, வதக்கிய வெங்காயம் என்று தடித்த சாண்ட்விச் மேசைக்கு வந்தது. சமையல்காரம்மா கண்ணை மூடி, படைத்தவனுக்கு உதட்டுக்குள்ளேயே நன்றி சொன்னார். ருசி தெரியாத இத்தனை மாதமும் அதை மட்டும் அவர் விட்டதில்லை.

முதல் கடியில் கண் கலங்கியது. வாயாடி நாற்காலி நுனிக்கு வந்துவிட்டாள். "தெரியுதாக்கா?"

"கடுகுடி. அது யாரை வேணா எரிக்கும். எரியறது வேற, ருசி வேற."

இரண்டாவது கடி. மூன்றாவது கடியில் அவருடைய தாடை நின்றது.

"வெங்காயம் தீஞ்சிருக்கு."

தையல்காரி தன்னுடையதை ஒருமுறை கடித்துப் பார்த்தாள். "எனக்கு நல்லாத்தானே இருக்கு?"

"உனக்கு நல்லா இருக்கட்டும். என்னுது தீஞ்சிருக்கு." மேல் ரொட்டியைத் தூக்கினார். வெள்ளரிக்கு அடியில், தையல்காரியின் கறுப்பு நூல் அறுந்து விழுந்ததுபோல, கருகிய வெங்காயக் கீற்று ஒன்று கிடந்தது.

வாயாடி குனிந்து அதையே உற்றுப் பார்த்தாள். தையல்காரிதான் மெல்லக் கேட்டாள். "அப்ப, திங்கக்கிழமை?"

"தீஞ்சது மட்டும்தாண்டி தெரியுது. பொறு." கொஞ்சம் யோசித்து, "மானேஜர்கிட்ட ஒரு வாரம் கேட்டுப் பாக்கறேன்" என்றார்.

பரிமாறுகிறவர் காதில் 'தீஞ்சது' மட்டும் விழுந்திருக்க வேண்டும். பதறி ஓடிவந்தார். "மன்னிச்சுக்குங்கம்மா. வேற போட்டுத் தர்றேன்" என்று தட்டுக்குக் கை நீட்டினார்.

"தொடாதீங்கய்யா. இது எனக்குன்னே வந்தது."

அவர் புரியாமல் நின்றார். சமையல்காரம்மா கருகிய வெங்காயத்தை எடுத்து இடது உள்ளங்கையில் வைத்தார். பழக்கதோஷத்தில் வாயாடியின் விரல் நீண்டு வந்தது. சமையல்காரம்மா கையைத் தன் பக்கம் இழுத்து, கண்ணை மூடி, உள்ளங்கையைத் தன் நாக்குக்கே கொண்டுபோனார்.