அண்ணி மருதாணி போட்ட சனிக்கிழமை

“…காய்ச்சல்னு சொல்லிடு. இல்ல, வேணாம், காய்ச்சல்னா பதறிடுவாரு. ஸ்கூல்ல லீவு குடுக்கலைன்னு சொல்லு, அத நம்பிடுவாரு. நீ மட்டும் ஏர்போர்ட்டுக்குப் போய்க் கூட்டிட்டு வா பாப்பா,” என்று அண்ணி சொல்லிக்கொண்டே போனார். அவர் முகம் எனக்குத் தெரியவில்லை. சமையலறை வாசலில் முக்காலியைப் போட்டு, எனக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்திருந்தார். நான் பார்த்துக்கொண்டிருந்தது அவர் தலையை. இரண்டு நாள் முன்னால்வரை இடுப்புக்குக் கீழே இறங்கிக் கிடந்த கூந்தல் கழுத்துக்கு மேலே ஏறி, பாத்திரம் தேய்க்கிற தேங்காய் நாரை உருட்டி வைத்ததுபோல ஒரே பந்தாக நின்றது. நரைத்திருந்த இடமெல்லாம் கேரட் நிறம். மற்ற இடமெல்லாம் காய்ந்த செம்மண். அன்று ஞாயிற்றுக்கிழமை. மறுநாள் காலை அண்ணன் மஸ்கட்டிலிருந்து வருகிறார், இரண்டு வருஷம் கழித்து. இந்தத் தலையோடு விமான நிலையத்தில் அவர் கண்ணில் படுவதில்லை என்று அண்ணி முடிவு செய்துவிட்டார்.

தொண்ணூறுகளின் தொடக்கம் அது. மயிலாப்பூரில் கச்சேரி சாலையிலிருந்து பிரிகிற ஒரு சந்தில், ஒரு வீட்டின் கீழ்ப் பகுதியில் அண்ணியும் நானும் குடியிருந்தோம். மாடியில் வீட்டுக்கார மாமியும் மாமாவும். அண்ணி கோபாலபுரத்தில் ஒரு சின்னப் பள்ளியில் டீச்சர். நான் தி.நகரில் ஒரு துணிக்கடையில் விற்பனைப் பெண்ணாக இருந்தேன். காலையிலிருந்து பொழுது சாயும்வரை ஊர்ப் பேச்சு அத்தனையும் காதில் விழுகிற வேலை. படித்தது பத்தாவதுதான், மிச்சமெல்லாம் புடவை எடுக்க வந்தவர்கள் பேசிப் பேசிக் கற்றுக்கொண்டது. அண்ணனுக்கு மஸ்கட்டில் குளிர்சாதனம் பொருத்துகிற கம்பெனியில் வேலை. அவர்களுக்குக் குழந்தை இல்லை. அந்தப் பேச்சை வீட்டில் யாரும் எடுப்பதில்லை. அண்ணியும் அதிகம் பேசமாட்டார். எதையும் சொல்லவேண்டிய அளவுக்குச் சொல்லி நிறுத்திவிடுவார். அதனால்தான் அந்த ஞாயிற்றுக்கிழமை அவர் வரிசையாகப் பொய்க் காரணங்களைத் தேடியதைக் கேட்கச் சங்கடமாக இருந்தது.

மருதாணி யோசனை பள்ளிக்கூட ஆசிரியர் அறையில் பிறந்தது. கூட வேலை பார்த்த ஒரு டீச்சர் போட்டுக்கொண்டு வந்து, தலை பளபளவென்று இருந்ததாம். கடைகளில் விற்கிற கறுப்புச் சாயம் என்றால் அண்ணிக்குப் பயம். போட்டால் கண் பார்வை போய்விடும் என்று யாரோ சொல்லியிருந்தார்கள். மருதாணி இலைதானே, அது என்ன செய்யும் என்று பாண்டி பஜார் நடைபாதைக் கடையில் பொடி வாங்கிவந்தார். வெள்ளிக்கிழமையே இரும்பு வாணலியில் டீத்தூள் டிகாக்ஷன் ஊற்றி ஊறவைத்தாயிற்று. எலுமிச்சம்பழம் பிழியச் சொல்லியிருந்தார்களாம். அண்ணி, நிறம் நன்றாகப் பிடிக்கட்டுமே என்று, அவர்கள் சொன்னதற்கு இரண்டு மடங்கு பிழிந்தார். எண்ணெய் இருந்தால் சாயம் ஒட்டாது என்று அதற்கு முன்பே சீயக்காய் போட்டுத் தலையை எண்ணெய்ப் பசையே இல்லாமல் அலசிவிட்டிருந்தார். கணக்குப் பாடம் நடத்துகிறவர் எதையும் அரைகுறையாகச் செய்யமாட்டார்.

இதுவரைகூட ஒன்றும் மோசமில்லை. கெடுத்தது தண்ணீர். அந்த வருஷம் மழை ஏமாற்றியிருந்தது. எங்கள் சந்து முனைக்கு லாரி வரும். அது ஊற்றிவிட்டுப் போகிற நல்ல தண்ணீர்தான் குடிக்க, சமைக்க, தலைக்குக் குளிக்க. வீட்டு அடிபம்பில் வருவது உப்புத் தண்ணீர், கொஞ்சம் பழுப்பாக, இரும்பு வாசனையோடு. சனிக்கிழமை பத்து மணிக்கு லாரி வந்துவிடும் என்று அண்ணி கணக்குப் போட்டார். அதை நம்பி விடிந்ததும் தலை முழுக்க மருதாணியை அப்பி, ஒரு பிளாஸ்டிக் பையைக் குல்லாய் போலக் கட்டிக்கொண்டு, சந்து முனையில் எங்கள் குடங்களை வரிசையில் வைத்துவிட்டு வந்தார். பட்டணத்தில் லாரியை நம்பித் தலையில் மருதாணி வைத்துக்கொள்ள எவ்வளவு துணிச்சல் வேண்டும் என்பது, அந்த வருஷம் இங்கே இருந்தவர்களுக்குத்தான் தெரியும்.

பத்து மணிக்கு லாரி வரவில்லை. மத்தியானமும் வரவில்லை. குடங்கள் மட்டும் வெயிலில் வரிசை கலையாமல் நின்றன. அண்ணியின் தலையில் மருதாணி இறுகி, வெடித்து, மண்பானை ஓடு மாதிரி உதிரத் தொடங்கியது. நான் கடையில் இருந்தேன். இதெல்லாம் பிறகு கேட்டது. மூன்று மணிக்குமேல் அரிப்புத் தாங்காமல் அடிபம்பிலேயே உட்கார்ந்துவிட்டாராம். உப்புத் தண்ணீரில் சீயக்காய் கரையவில்லை. துணி துவைக்கிற சோப்பை எடுத்தார். முடி மொத்தத்தையும் உச்சியில் குவித்துத் துணி கசக்குவதுபோலக் கசக்கினார். பிறகு துண்டைச் சுற்றி முறுக்கினார். நான் சாயந்தரம் வந்தபோது துண்டு அவிழவில்லை. துண்டின் நூலும் முடியும் ஒன்றோடு ஒன்று பின்னிக் கிடந்தன. துண்டைக் கத்தரித்துத்தான் எடுக்கமுடிந்தது. லாரி அப்போதுதான் வந்து ஹாரன் அடித்துக்கொண்டிருந்தது.

ஞாயிற்றுக்கிழமை காலை அண்ணி மாதா கோயில் பூசைக்குப் போகவில்லை. எனக்கு விவரம் தெரிந்து அவர் ஞாயிறு பூசையைத் தவறவிட்டது அன்றைக்குத்தான். பக்கத்து வீடுகளுக்கு எப்படியோ விஷயம் தெரிந்துவிட்டது. ஒருத்தி வந்து முட்டை உடைத்துத் தேய்க்கச் சொன்னாள். இன்னொருத்தி, தோள்வரை வெட்டிவிட்டால் இப்போதைய பாஷனாகவும் இருக்கும் என்றாள். அண்ணி இரண்டுபேருக்கும் காப்பி கொடுத்து அனுப்பினார். கடைசியில் மாடி மாமி இறங்கிவந்தார். பம்பில் நாங்கள் நாலு அடி கூடுதலாக அடித்தாலே மேலிருந்து எட்டிப் பார்க்கிறவர். அண்ணியைச் சுற்றி ஒரு நடை நடந்து பார்த்துவிட்டு, “ஏண்டிம்மா, ஆம்படையான் வரானேன்னு தலைல குருவிக்கூடு கட்டிண்டு உக்காந்திருக்கியே,” என்றார். பிறகு குரலைத் தணித்து, “எண்ணெய் உங்காத்துலயே இருக்கும். நல்ல தண்ணி நான் தரேன். மாமாட்ட மட்டும் சொல்லிடாதே,” என்றார். முந்தின நாள் லாரியில் எங்களுக்குக் கிடைத்தது குடிக்கவும் சமைக்கவும்தான் போதும். கொஞ்ச நேரத்தில் புடவைத் தலைப்பால் மூடிய ஒரு பித்தளைக் குடம் மாடிப்படியில் இறங்கிவந்தது. அந்த நாட்களில் அது எவ்வளவு பெரிய கொடை என்று இப்போது சொன்னால் புரியாது.

தேங்காய் எண்ணெயைச் சூடுபண்ணி, பந்து முழுக்க ஊறுகிற அளவுக்கு ஊற்றினேன். ஒரு மணி நேரம் சும்மா விட்டோம். சீப்பை வைத்ததும் அண்ணி பல்லைக் கடித்தார், முடி பட்டென்று அறுந்தது. உச்சியிலிருந்து இழுத்தால் மேல் சிக்கெல்லாம் கீழே போய்ச் சேர்ந்து இன்னும் இறுகியது. சீப்பை வைத்துவிட்டு விரல்களால் நுனியைத் தேடினேன். ஒரு நுனி அகப்பட்டால் அதற்கு மேலே ஒரு விரலளவு, அது பிரிந்தால் அதற்கும் மேலே கொஞ்சம். பிரித்ததைத் தனியாகப் பின்னி முடிந்துவைத்தேன், மறுபடி போய்க் கலக்காமல் இருக்க. வேர்ப்பக்கத்தை இடது கையால் இறுக்கிப் பிடித்துக்கொண்டால் வலிக்கவில்லை என்று அண்ணியே சொன்னார். பிறகு அப்படியே பிடித்துக்கொண்டேன்.

சிக்கெடுக்கிறபோது இரண்டுபேரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கமுடியாது. அதனாலோ என்னவோ அண்ணி பேசினார். போன தடவை அண்ணன் வந்தபோது நானும்தான் விமான நிலையத்தில் இருந்தேன். வெளியே வந்தவர் அண்ணியைப் பார்த்ததும், “என்ன, வீட்டுக்கு வெள்ளையடிக்கும்போது தலைக்கும் சேத்து அடிச்சிட்டியா?” என்றார். கூட வந்திருந்த உறவுக்காரர்கள் எல்லோரும் சிரித்தோம். அண்ணியும் சிரித்தார். வாசல் தாண்டுவதற்குள் நான் அதை மறந்துவிட்டேன்.

“அவரு கிண்டல்தான் பண்ணாரு, எனக்கும் தெரியும்,” என்றார் அண்ணி. “ஆனா பாப்பா, ரெண்டு வருஷம் கழிச்சு வர்ற மனுஷன் மொதல்ல பாத்தது என் மூஞ்சிய இல்ல. தலைய.”

என் விரல்கள் அவர் முடியில் இருந்தன.

இன்றைக்கு என் தலைக்கே மருதாணி தேவைப்படுகிறது. எலுமிச்சம்பழத்தைக் குறைத்துத் தயிர் சேர்க்கிறேன். அலசுகிற தண்ணீர் பக்கெட்டில் நிறைந்து கிடக்கிறதா என்று பார்த்துவிட்டுத்தான் பொடியையே கரைக்கிறேன். சோப்பும் ஷாம்பும் அன்றைக்குப் போடுவதில்லை, வெறும் தண்ணீர்தான். மறுநாள் எண்ணெய். முடியைக் குவித்துக் கசக்காமல் தொங்கவிட்டு அலசுவது, துண்டால் முறுக்காமல் ஒற்றி எடுப்பது, ஈரத்தில் சீப்பைத் தொடாமல் இருப்பது என்று எல்லாம் பழகிவிட்டது. இப்போது கடையில் இதற்கென்றே சின்னச் சின்னப் புட்டிகளில் என்னென்னவோ விற்கிறார்கள். அழகு நிலையத்தில் உட்கார்ந்தால் ஒரு பெண் பாட்டுக் கேட்டுக்கொண்டே சிக்கெடுத்துவிடுகிறாள். சௌகரியம்தான். ஆனால் தலையைக் கொடுத்துவிட்டு மனசிலிருப்பதைச் சொல்ல அங்கே தோன்றுவதில்லை.

அன்று விளக்கு வைக்கிற நேரத்துக்கு முடி முழுக்கப் பிரிந்தது. பிடரியில் புளியங்கொட்டை அளவு ஒரு முடிச்சு மட்டும் அவிழவில்லை. அதை வெட்டி எடுத்தேன். மாமியின் தண்ணீரில் அலசிக் காயவைத்தபின் பின்னல் போடமுடிந்தது. சொரசொரவென்று, நுனியெல்லாம் அறுந்து, பழைய தடிமனில் பாதிகூட இல்லை. ஆனாலும் பின்னல்தான். நிறத்தைத்தான் ஒன்றும் செய்யமுடியவில்லை. நெற்றிக்கு மேலே, நரை அதிகமிருந்த இடத்தில், ஆரஞ்சு அப்படியே எரிந்தது. அண்ணி கண்ணாடியைப் பார்த்துவிட்டுக் கவிழ்த்துவைத்தார். “நீயே போய்ட்டு வா,” என்றார். காரணம் தேடுவதைக்கூட விட்டுவிட்டார்.

திங்கட்கிழமை அதிகாலையில் அண்ணனுக்காகக் கோயிலில் நன்றிப் பூசை வைத்திருந்தோம். வெளிநாட்டிலிருந்து நல்லபடியாக வருகிறவர்களுக்கு எங்கள் கோயில் பங்கில் அப்படி வைப்பது வழக்கம். அதற்கு அண்ணி வராமல் முடியாது. பூசையில் பெண்கள் முக்காடு போடுவது எப்போதும் உள்ளதுதான், அது நல்லதாகப் போயிற்று. புடவைத் தலைப்பைப் புருவம்வரை இழுத்துவிட்டுக்கொண்டு கடைசி பெஞ்சில் உட்கார்ந்தார். பூசை முடிந்து நான் அங்கிருந்தே விமான நிலையத்துக்குப் போவதாகவும், அவர் வீட்டுக்குப் போய்ச் சமைப்பதாகவும் பேச்சு.

கோயில் வாசலில் பூ விற்கிற அம்மா அண்ணியைக் குனிந்து பார்த்தாள். தலைப்பு கொஞ்சம் விலகியிருந்திருக்க வேண்டும். “இன்னா டீச்சரு, முக்காட்டுக்குள்ள சூரியன வெச்சுக்கினு கீறே? வெளில வுடு, ஊரு விடியட்டும்,” என்றாள்.

அண்ணி அழுதுவிடுவார் என்று நினைத்தேன். அவர் சிரித்தார். சனிக்கிழமைக்குப் பிறகு அப்போதுதான் சிரித்தார்; அடக்கமுடியாமல் வாயைத் தலைப்பால் பொத்திக்கொண்டு சிரித்தார். பூக்காரம்மாவும் சேர்ந்து சிரித்தாள். நான் பேசி நிறுத்தியிருந்த ஆட்டோ நின்றுகொண்டிருந்தது. அண்ணி அதைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். “பூசையிலேருந்து நேரா வந்தோம்னு சொல்லிக்கலாம். முக்காட எடுக்கவே வேணாம்ல?” என்று கேட்டுவிட்டு, என் பதிலுக்குக் காத்திராமல் ஏறி உட்கார்ந்தார்.

மீனம்பாக்கத்தில் வழக்கமான கூட்டம். கம்பித் தடுப்புக்கு இந்தப் பக்கம் எல்லோரும் நசுங்கிக்கொண்டு நின்றோம். அண்ணி ஒரு பெரிய குடும்பத்துக்குப் பின்னால், தூண் ஓரமாக நின்றுகொண்டார். முக்காட்டை இரண்டு கையாலும் தாடைக்குக் கீழே பிடித்திருந்தார். ஆட்கள் ஒவ்வொருவராகத் தள்ளுவண்டியோடு வந்தார்கள். ஒவ்வொரு முறை கதவு திறந்தபோதும் அண்ணி என் தோளுக்குப் பின்னால் நகர்ந்தார். வராமலே இருந்திருக்கலாமோ என்று எனக்குத் தோன்றியது.

கண்ணாடிக் கதவுக்கு உள்ளே அண்ணன் தெரிந்தார். நேராக வெளியே வரவில்லை. வண்டியை ஓரமாக நிறுத்திவிட்டுக் கண்ணாடியைப் பார்த்து நின்றார். நாங்கள் இருப்பது அவருக்குத் தெரியவில்லை. போன தடவை இருந்த முன்முடி இல்லை. நெற்றி உச்சிவரை ஏறியிருந்தது. சட்டைப் பையிலிருந்து சீப்பை எடுத்தார். காதுக்கு மேலே மிச்சமிருந்த முடியைக் குறுக்கே இழுத்து வழுக்கையின்மேல் படிய வைத்தார். அது நிற்கவில்லை. உள்ளங்கையால் அழுத்தினார். தலையை ஒருபக்கம் சாய்த்துப் பார்த்துவிட்டு மறுபடியும் சீவினார்.

அண்ணா என்று கூப்பிடக் கையைத் தூக்கினேன். அண்ணி என் கையைப் பிடித்துக் கீழே இறக்கினார்.

“கூப்பிடாத. சீவி முடிக்கட்டும்,” என்றார்.

அண்ணன் சீப்பைப் பைக்குள் வைத்து, சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டு வண்டியைத் தள்ளினார். கதவு திறந்தது. அண்ணி முக்காட்டைத் தோளில் தள்ளிவிட்டு, முன்னால் நின்றவர்களை விலக்கிக்கொண்டு போய், கம்பியை ஒட்டி முதல் வரிசையில் நின்றார்.