நாகேந்திரத்தாரின் வெள்ளிக்கிழமைத் தட்டு

நாகேந்திரத்தார் கொழும்பில் கோடுகள் இருக்கும் புதுக்கடையில் ஒரு லோயரிடம் கிளாக்கர். சாட்சிக்காரர்களுக்கு அவர் ஓதும் மந்திரம் ஒன்றுதான்: கடைசிவரை ஒன்றையும் ஒப்புக்கொள்ளாதே. வீட்டிலும் அதையே வழுவாமல் கைக்கொண்டு வந்தார்.

வெள்ளவத்தை வீட்டின் கண்ணாடி அலுமாரிக்குள் மனைவி பத்மாவதியின் சீதனச் சீனத் தட்டுகள் பன்னிரண்டு இருந்தன. வெள்ளைப் பீங்கான், அதன் பளபளப்பின் மேலே சிவப்பும் பச்சையுமாகத் தீட்டிய பூக்கள். தடவினால் நிறம் விரலில் மேடு தட்டும். நல்ல விருந்தாளி வந்தால் எடுக்கலாம் என்பது சட்டம். சண்டைக் காலத்து வெள்ளவத்தையில் வடக்கிலிருந்து வரும் விருந்தாளிக்குப் பஞ்சமில்லை; நல்லவர் என்று பத்மாவதி இன்னும் ஒருவரையும் தீர்மானிக்கவில்லை.

ஒரு காலை வீடு வீடாகச் சோதனை வந்தது. வீட்டில் தங்கியிருப்பவர்கள் என்று பொலிசில் பதிந்திருப்பது புருசனும் பெண்சாதியும் மட்டும். பிறகு இத்தனை தட்டு யாருக்கு என்று சார்ஜன்ட் சிங்களத்தில் கேட்டார். பத்மாவதிக்குச் சிங்களம் வராது என்பது குடும்ப நம்பிக்கை. நாகேந்திரத்தார் மொழிபெயர்த்தார்.

"ஒருத்தரும் ஒரு நாளும் சாப்பிடேல்லை எண்டு சொல்லுங்கோ. பூவைத் தடவிப் பாக்கட்டும்," என்றாள் அவள் பெருமையோடு.

சார்ஜன்ட் ஒவ்வொன்றாகத் தடவினார். ஆக அடியிலிருந்த தட்டில் பூவே இல்லை. மங்கிய கறைதான் மிச்சம். இதில் சாப்பிட்டவன் எங்கே என்றார். கட்டிலுக்கடியில் தேடினார்கள். ஆள் அகப்படாததால், ஐயா ஸ்டேஷனுக்கு வந்து சொல்லட்டும் என்று முடிவாயிற்று.

சாப்பிட்டவர் அங்கேயேதான் நின்றார். வெள்ளிக்கிழமை வீடு சுத்த சைவம். பத்மாவதி பின்னேரப் பூசைக்குப் போனதும், மாளிகாவத்தைக் கடைப் பொரித்த மீன் அவருடைய பையிலிருந்து வெளியே வரும். சமையலறைத் தட்டில் வைத்தால் வாசம் காட்டிக்கொடுக்கும். ஆகவே அலுமாரித் தட்டு. தேசிக்காய் பிழிந்து சாப்பிட்டு, தென்னந்தும்பும் விம் பவுடரும் போட்டுத் தேய்த்து அடியில் வைத்துவிடுவார். வாசத்தோடு பூவும் போனதை அவர் கவனிக்கவில்லை.

ஸ்டேஷனா, பத்மாவதியா? ஸ்டேஷனுக்குப் போய்த் திரும்பி வந்தவர்களும் உண்டு, வராதவர்களும் உண்டு. பத்மாவதி விஷயத்தில் முன்தீர்ப்பு எதுவும் இல்லை. இருந்தும் அவர் மந்திரத்தைக் கைவிட்டு, சிங்களத்தில், தாழ்ந்த குரலில், மீன் முதல் தேசிக்காய் வரை எல்லாவற்றையும் ஒப்புக்கொண்டார். சார்ஜன்ட் அவரைப் பார்த்தார், அவளைப் பார்த்தார். கலியாணமான மனிதர் போலும். தட்டை மெதுவாக வைத்துவிட்டுப் போய்விட்டார்.

"என்னவாம்?"

"பூ நல்ல வடிவாம்."

பத்மாவதி மேலே கேட்கவில்லை. வெள்ளவத்தைச் சந்தைச் சிங்கள மீன்காரனோடு வருசக்கணக்காகப் பேரம் பேசியவள் அவள் என்பது நாகேந்திரத்தாருக்கு அந்த நேரத்தில் ஞாபகம் வரவில்லை.

அடுத்த வெள்ளி அவர் வேலையால் வந்தபோது பூவில்லாத தட்டு மேசையில் இருந்தது, பக்கத்தில் பாதித் தேசிக்காய். கோயிலுக்கு வெளிக்கிட்ட பத்மாவதி வாசலில் நின்று சொன்னாள்:

"அதிலயே சாப்பிடுங்கோ. மற்றப் பூவுகளையும் தின்னாதேங்கோ."

"என்னத்தை?" என்று கேட்டார் நாகேந்திரத்தார். பைக்குள் மீன் இன்னும் சூடாக இருந்தது.