"அத்தை அவசரம்": பாடாலூரிலிருந்து அரியலூர் வரை

1999, தை மாதம். காலை ஏழு மணிக்குப் போன் கடைக்காரம்மா என் வீட்டுக்கே ஓடி வந்தார்.

"அக்கா, அரியலூர்லேருந்து உங்க மருமவ போன் பண்ணிச்சு. 'அத்தை அவசரம், அத்தை அவசரம்'னு ரெண்டு தடவ சொல்லிச்சு. அதுக்குள்ள லைன் கட்டாயிடுச்சு."

மருமகள் பத்மா தெலுங்குப் பெண். வந்து ரெண்டு வருஷம்தான், தமிழ் அரைகுறை. இப்போது ஏழாம் மாசம். முதல் பிள்ளை ஆறாம் மாசமே தங்காமல் போய்விட்டது. சிமெண்டு ஆலையில் இருக்கும் என் மகன் வேலையாக வெளியூர் போயிருந்தான். உடுத்திய சேலையோடு கிளம்பினேன்.

பெரம்பலூருக்குச் சுமார் இருபது கிலோமீட்டர், டிக்கெட் நாலு ரூபாய். அங்கே அரியலூர் போர்டைப் பார்த்ததும் ஏறிவிட்டேன். எந்த வழி என்று கேட்கக் கூச்சம். அது குன்னம் சுற்றிப் போகிற பஸ். குன்னத்தில் வெங்காய மூட்டை ஏற்றக் கால் மணி நேரம் நின்றது. நான் எழுந்து எழுந்து வெளியே பார்த்தேன்.

"ஒக்காருங்கம்மா, நீங்க நின்னுகிட்டு வந்தாலும் பஸ் இதே வேகந்தான் போவும்" என்றார் கண்டக்டர். எல்லாரும் சிரித்தார்கள். அரியலூர் நெருங்கியதும் சுண்ணாம்புக்கல் லாரிகள் முன்னால் ஊர்ந்தன. அத்தனையையும் மனசுக்குள் திட்டினேன்.

பத்தரைக்குப் போய்ச் சேர்ந்தால், பத்மா வாசலில் கொய்யாக்காய் தின்றுகொண்டு நிற்கிறாள்!

"என்னடி அவசரம்? வயித்துல வலியா?"

"வலி இல்லை அத்தை. நீங்கதான் அவசரம்."

கோபத்தில் வாசலிலேயே கத்திவிட்டேன். சத்தம் கேட்டுப் பக்கத்து வீட்டு நர்ஸ் வந்தார், கேரளத்துக்காரர். விஷயம் தெரிந்ததும் சிரித்துவிட்டார்.

"தெலுங்குல அவசரம்னா 'வேணும்'னு அர்த்தம்மா. எங்க மலையாளத்துல 'வாய்ப்பு'. மூலம் சமஸ்கிருதம், அதுல 'தகுந்த சமயம்'னு பள்ளிக்கூடத்துல படிச்சேன்."

"நல்லதையெல்லாம் நீங்க எடுத்துக்கிட்டு, ஓட்டத்த மட்டும் எங்களுக்கு விட்டுட்டீங்களாக்கும்" என்றேன்.

பத்மா சிரிக்கவில்லை. "போன தடவை தனியாத்தான் இருந்தேன் அத்தை..." என்றாள்.

மறுநாளே திரும்புவதாக இருந்தவள் தங்கிவிட்டேன். சித்திரையில் பேத்தி பிறந்தாள். அவளுக்குத் தலை நின்ற பிறகுதான் ஊருக்குப் பஸ் ஏறினேன்.

பாடாலூர் வீட்டில் நாற்பது வருஷமாகச் சோறு வேணும், வெந்நீர் வேணும் என்று என்னைக் கேட்டிருக்கிறார்கள். நான் வேணும் என்று யாரும் கேட்டதில்லை.