இரண்டாம் முறை செய்த இணைப்பு

எங்கள் அண்ணனார் மறைந்து ஓராண்டு நிறைகிறது. இந்த நினைவு மலருக்கு அவருடைய நல்ல குணங்களை எழுதும்படி அண்ணியார் என்னிடம் சொன்னார். அவரைக் கடைசிவரை வாட்டிய ஒன்றை விட்டுவிட்டுத் தங்கையாகிய நான் எழுதினால் அது அவராக இராது.

அண்ணனார் பிறந்தது சிங்கப்பூருக்கு வடக்கே, ஆயர் ஈத்தாமுக்கு அருகே ஒரு ரப்பர்த் தோட்டத்தில், கூலிக்காரர் குடியிருக்கும் லயத்தில். தகப்பனார் காய்ச்சலில் போனபோது அவருக்கு மீசை அரும்பவில்லை. அம்மாவோடு பால்வெட்டுக்குப் போய் என்னை வளர்த்தார். பின்பு தம்போய்ப் பக்கம் ஒரு சீனரின் பட்டறையில் மோட்டார் வேலை பழகி, தோட்டத்து லோரிக்கே டிரைவராகத் திரும்பி வந்தார். அதிர்ந்து பேசமாட்டார். சாப்பாட்டில் மட்டும் அவசரம்.

ரப்பர் விலை விழுந்த காலத்தில் லோரியின் கியர்பெட்டி உடைந்தது. புதிது வாங்கித் தர மானேஜர் மறுத்துவிட்டார். பொந்தியான் சாலையில் பள்ளத்தில் விழுந்து கிடந்த வேறொரு லோரியின் கியர்பெட்டியை அண்ணனார் கழற்றி வந்தார். அதன் பின்முனை, பின்சக்கரங்களுக்கு விசை கொண்டுபோகும் நீண்ட தண்டோடு சேரவில்லை. பெட்டி குட்டை, போல்ட் துளைகளும் வேறு. இடையில் வைக்க ஓர் இரும்புத் தட்டைக் கடைந்து, ஒரு பக்கம் பெட்டிக்கும் மறுபக்கம் தண்டுக்கும் பொருந்தத் துளையிட்டுப் பூட்டினார்.

"பாரம் ஏத்தி ஓட்டிப் பாக்கணும். அதுவரைக்கும் ஆள ஏத்தக்கூடாது" என்று எல்லாரிடமும் சொன்னார்.

மறுநாளே பக்கத்து வீட்டு அஞ்சலைக்கு வலி கண்டு, பிள்ளை இறங்காமல் நின்றது. தோட்டத்தில் மருந்து கொடுக்கும் டிரஸர் கையை விரித்துவிட்டார். மானேஜரின் கார் சிங்கப்பூர் போயிருந்தது. அஞ்சலையின் கணவர் வீராசாமி ஓடி வந்து அண்ணனாரின் கையைப் பிடித்தார்.

"லோரிய எடுங்கண்ணே."

"இன்னும் ஓட்டிப் பாக்கலடா."

"இங்கயே வச்சிருந்தா செத்துருவாண்ணே!"

அண்ணனார் எடுத்தார். பின்னால் நான் அஞ்சலையின் தலையை மடியில் தாங்கியிருந்தேன். ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியில் ஒரு குன்று. பாதி ஏறியபோது அடியில் படீரென்று சத்தம். எஞ்சின் உறுமியது, சக்கரம் சுற்றவில்லை. லோரி பின்னோக்கி உருண்டது. அண்ணனார் கைப்பிரேக்கை இழுத்து, மண்மேட்டில் சாய்த்து நிறுத்தினார்.

தட்டின் போல்ட்டுகள் அறுந்திருந்தன. அவர் அடியில் படுத்து, அறுந்த துண்டுகளைத் தட்டி எடுத்து வேறு போல்ட் பூட்டினார். வீராசாமி வேறு வண்டி வருமா என்று சாலையைப் பார்த்து நின்றார். எதுவும் வரவில்லை. அண்ணனார் எழுந்து வந்தபோது அஞ்சலையின் கை என் கைக்குள் குளிர்ந்திருந்தது. வயிற்றுப் பிள்ளையும் அவளோடு போயிற்று.

பிறகு லோரி குன்றேறியது. ஏறி என்ன?

வீராசாமி ஒரு சொல் ஏசவில்லை. அதன்பின் அண்ணனாரோடு பேசவும் இல்லை.

அண்ணனார் அந்தத் தட்டைக் கழற்றிவிட்டுத் தடித்த தட்டு ஒன்றைக் கடைந்தார். இரு பக்கமும் விளிம்பு எழுப்பி, பெட்டியின் முனையும் தண்டின் முனையும் அதற்குள் அசையாமல் உட்காரச் செய்தார். போல்ட்டுகள் மட்டுமே தாங்கிய பளுவை இப்போது விளிம்பும் தாங்கியது. கல் ஏற்றி அதே குன்றில் பலமுறை ஓட்டினார். இணைப்பு அசையவில்லை. பாராட்டியவர்களிடம், "மொதல்லயே இப்படிச் செஞ்சிருக்கணும்" என்பார். 

அடுத்து ஆள்குறைப்பு வந்தது. தமிழ்நாட்டுக்குத் திருப்பி அனுப்பியவர்களில் வீராசாமியும் ஒருவர். ரயிலடிக்கு ஏற்றிப்போனவர் அண்ணனார். பின்னால் இடமில்லாததால் வீராசாமி தம் மூத்த மகளை மடியில் வைத்து முன்னால் அமர்ந்தார். வழியனுப்பப் போன நானும் பக்கத்தில் இருந்தேன். அதே குன்றில் லோரி நிற்காமல் ஏறி உச்சியை எட்டியது.

"நல்லா ஏறுதுண்ணே" என்றார் வீராசாமி.

"ம்."

"அன்னைக்கு நாந்தானே எடுக்கச் சொன்னேன்."

அண்ணனார் லோரியை ஓரம்கட்டி, ஸ்டியரிங்கில் முகம் கவிழ்த்தார். "ஒரு வார்த்தை என்னைய ஏசியிருக்கலாமேடா" என்று அழுதார். வீராசாமி அவர் முதுகில் கை வைத்தபடியே இருந்தார். ரயிலுக்கு நேரமாகிவிடும் என்று நான்தான் சொல்ல வேண்டியிருந்தது.

அதன்பின் அண்ணனார் நெடுநாள் இருக்கவில்லை. நெஞ்சில் சளி கட்டிக் காய்ச்சலில் படுத்தவர் எழவில்லை. அண்ணியாரையும் இரண்டு பெண்களையும் என்னிடம் ஒப்படைத்துக் கண் மூடினார்.

மருந்து கொடுத்த டிரஸருக்கும், பாடை சுமந்த லயத்துக்காரர்களுக்கும், எங்கள் வீட்டில் உலை ஏறாத நாட்களில் சோறு கொண்டுவந்த பெண்களுக்கும் எங்கள் நன்றி. வீராசாமிக்கும் இம்மலரை அனுப்ப ஆசை. அவர் எந்த ஊரில் இறங்கினார் என்று எங்களில் யாருக்கும் தெரியவில்லை.